ஒப்புநோக்குத் தாளும் சொற்சீட்டும்: புனே ஆய்வு நிறுவனங்களில் அறிவுப் பகிர்வு

தான் அறிந்ததை உடன் பணியாற்றுவோர்க்கு வழங்குவதா, தன்னிடமே வைத்துக்கொள்வதா என்னும் வினா ஆலைத் தொழிலாளர்க்கும் அலுவலர்க்கும் மட்டுமே உரியதன்று. சுவடி படிப்பவர்க்கும் அகராதி தொகுப்பவர்க்கும் அஃது உண்டு. சிதைந்த ஏட்டின் எழுத்தைப் படிக்க வல்லவர் ஓர் ஊரில் ஒருவரே எனின், அவருடைய மதிப்பு அந்த ஒருமையிலேயே அடங்கியிருக்கிறது. அக்கலையை மற்றொருவர்க்குக் கற்பித்த மறுநாள் அவர் இருவருள் ஒருவராகிவிடுகிறார். எனவே அறிவைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளுதல் வெறும் கஞ்சத்தனம் அன்று. அதற்குப் பின்னால் வாழ்க்கைப்பாட்டின் அச்சமும் உண்டு. இவ்வச்சத்தைக் கடந்து மனிதர் தம் அறிவைப் பொதுவில் வைப்பது எத்தகைய பணியிடத்தில் என்பதே ஆராயத்தக்கது.

மேலாண்மையியலார் இப்பொருளைப் பெரிதாகப் பேசத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். ஜப்பானிய நிறுவனங்களை ஆராய்ந்து நொனாக்கா, தகேயுச்சி ஆகிய இருவரும் எழுதிய நூல் 1995இல் வெளிவந்தது. சொல்லில் வடிக்கப்படாத அறிவு, சொல்லில் வடிக்கப்பட்ட அறிவு என அவர்கள் பகுத்துக் காட்டிய பகுப்பு பரவலாக எடுத்தாளப்பட்டது. இப்பகுப்பின் வேர் மைக்கேல் பொலானியின் எழுத்துகளில் உள்ளது. எனினும் இவ்வாய்வுகளுக்கு நெடுநாள் முன்பே, பலர் கூடித் தத்தம் அறிவை ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்த இரு பெரும்பணிகள் புனே நகரில் நிகழ்ந்தன. ஒன்று பண்டார்க்கர் கீழைக்கலை ஆய்வு நிறுவனத்தின் மகாபாரதச் செம்பதிப்பு. மற்றொன்று தக்காணக் கல்லூரியின் வரலாற்றுமுறை வடமொழிப் பேரகராதி.

மகாபாரதச் செம்பதிப்பு

பண்டார்க்கர் நிறுவனம் 1917ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் தோற்றுவிக்கப்பட்டது. பம்பாய் அரசு திரட்டித் தக்காணக் கல்லூரியில் வைத்திருந்த சுவடித் தொகுதி அடுத்த ஆண்டே அதன் பொறுப்பில் வந்தது. மகாபாரதத்திற்கு ஆய்வுமுறைப் பதிப்பு ஒன்று வேண்டும் என்பதை 1897இல் பாரிஸ் மாநாட்டில் விண்டர்நிட்ஸ் வற்புறுத்தியிருந்தார். ஐரோப்பாவில் அம்முயற்சி முன்னேறவில்லை. அவுந்து சமஸ்தானத்தின் அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி 1918இல் ஒரு லட்சம் ரூபாய் தர முன்வந்தார். 1919 ஏப்ரல் முதல் நாளன்று பணி தொடங்கியது. 1966 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் எஸ். இராதாகிருஷ்ணன் அதன் நிறைவை அறிவித்தார். இடைப்பட்ட நாற்பத்தேழு ஆண்டுகளில் நோக்கப்பட்ட சுவடிகள் 1,259 எனக் கூறுவர். தொடங்கியவர்களுள் பலர் முடிவைக் காணவில்லை.

1923இல் உத்கீகர் பதிப்பித்த விராட பருவத்தின் மாதிரிப் பதிப்பு அறிஞர்களின் கருத்தறிய வெளியிடப்பட்டது. முடிந்த முடிபாக அன்றி, குறை கூறுவதற்கென்றே ஒரு நூலை அச்சிட்டு வழங்கியது அக்காலத்துக்குப் புதுமை. பின்னர் 1925 ஆகஸ்டில் விஷ்ணு சீதாராம் சுக்தங்கர் பொதுப்பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, பெர்லினில் லூடர்ஸ் என்பாரிடம் வடமொழி ஆய்வு முறையைக் கற்றவர் அவர். அந்த லூடர்ஸ்தான் மகாபாரதத்தின் கிரந்தச் சுவடிகளைப் பற்றி 1901இலேயே தனி ஆய்வு வெளியிட்டவர். சுக்தங்கரின் கணிதப் பயிற்சிக்கும் அவர் வகுத்த பணிமுறைக்கும் தொடர்பு இருந்ததெனக் கருதுவது பிழையாகாது.

அப்பணிமுறையின் உயிர்நாடி ஒப்புநோக்குத் தாள். ஆதிபருவ முன்னுரையில் சுக்தங்கர் இதனை விரிவாக விளக்கியுள்ளார். குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்ட ஒரு பெரிய தாளின் முதல் வரியில், நீலகண்டர் உரையுடன் வழங்கிவந்த பாடம் எழுத்தெழுத்தாக எழுதப்படும். அதன் கீழே ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு வரி உண்டு. சுவடியில் எந்த எழுத்து வேறுபடுகிறதோ, அந்த எழுத்து மேல்வரியின் எழுத்துக்கு நேர்கீழே உள்ள கட்டத்தில் பதியப்படும். வலப்புறத்தே அகன்ற ஓரம் ஒன்று இருந்தது. சுவடியில் மிகுதியாகக் காணப்படும் சுலோகங்களும், ஏடு முறிந்தமை, எழுத்து மங்கியமை போன்ற குறிப்புகளும் அங்கே எழுதப்பட்டன. குறைந்தது பத்துச் சுவடிகளையேனும் ஒப்பிடுதல் வேண்டும் என்பது விதி. சில பகுதிகளுக்கு அறுபது வரை ஒப்பிட்டனர். ஒருவர் நிரப்பிய தாளை மற்றொருவர் சரிபார்ப்பதும் பணியின் ஒரு கூறாகவே அமைந்தது.

இத்தாள் செய்த வேலை என்ன? சுவடி படிக்கும் ஒருவரிடம், உமக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதித் தருக என்று கேட்டால் அவரால் எழுத இயலாது; எழுத விரும்பவும் மாட்டார். இத்தாளோ அவரிடம் அவ்வாறு கேட்கவில்லை. இந்தக் கட்டத்தில் உம் சுவடி காட்டும் எழுத்து யாது என்று மட்டுமே கேட்டது. கேள்வி சிறியது, விடையும் சிறியது. அளிப்பவர்க்கு ஏற்படும் சுமை குறைந்தது. அவ்வாறு ஆயிரக்கணக்கான சிறு விடைகள் சேர்ந்தபோது, தனி ஒருவர் வாழ்நாளில் திரட்ட முடியாத அறிவு ஓரிடத்தில் குவிந்தது. அறிவுப் பகிர்வுக்கு மனமாற்றமே முதல் தேவை என்று பேசுவோர் வடிவத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுகின்றனர். கேட்கும் முறை செம்மையாக இருந்தால் கொடுக்கும் மனம் பெரும்பாலும் தானே அமைந்துவிடுகிறது.

ஒப்புநோக்குநராக அமர்த்தப்பட்டோர் இருவகையினர். வடநாட்டு, தென்னாட்டு மரபில் பயின்ற சாஸ்திரிகள் ஒரு சாரார். பல்கலைக்கழகப் பட்டதாரிகள் மறு சாரார். முன்னவர்க்கு நூலறிவும் ஏட்டுப் பழக்கமும் உண்டு. பின்னவர்க்கு அட்டவணையும் குறியீடும் கைவந்தவை. இருசாராரும் ஒருவரையொருவர் ஐயுறும் சூழல் அக்காலக் கல்வி உலகில் பொதுவாக நிலவியது. ஒரே தாளில் இருவரும் எழுத வேண்டியிருந்தமையால், ஒருவர் அறிவு மற்றவர்க்குப் புலனாகும் வாய்ப்பும் ஏற்பட்டது.

தென்னாட்டுச் சுவடிகளின் பங்கு

ஆதிபருவத்திற்கு அறியப்பட்ட 235 சுவடிகளுள் முப்பத்தொன்று கிரந்த எழுத்தில் அமைந்தவை. தெலுங்கு, மலையாள எழுத்துச் சுவடிகளையும் கூட்டினால் தென்னாட்டுச் சுவடிகள் எண்பதைக் கடக்கும். கிரந்த ஏட்டைப் படிப்பதற்குத் தேர்ச்சி வேண்டும். அத்தேர்ச்சி பெற்றோர் மிகுதியாக இருந்தது தமிழகத்தில்தான். எல்லாச் சுவடிகளையும் புனேக்கு வரவழைத்தலும் இயலாது. ஆகவே தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் ஒப்புநோக்கு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. வங்க எழுத்துச் சுவடிகளுக்கென மற்றொன்று சாந்திநிகேதனத்தில் அமைந்தது. சுவடி ஊரைவிட்டு நகரவில்லை. தாள் மட்டுமே பயணம் செய்தது.

இது சிறிய ஏற்பாடாகத் தோன்றலாம். ஆயினும் இதன் பொருள் பெரிது. சுவடியைக் கையில் வைத்திருப்பவர் அதனைத் தர மறுப்பதற்கு முதற்காரணம், போனது திரும்பாது என்னும் அச்சம். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடிச் சென்ற காலத்தில் இவ்வச்சத்தைப் பலவிடத்தும் எதிர்கொண்டவர் என்பதைத் தமிழுலகம் அறியும். பொருளை இழக்காமலே அறிவைக் கொடுக்கலாம் என்னும் நிலை உண்டானால், கொடுக்காமைக்குரிய காரணங்களுள் மிகப் பெரியது நீங்கிவிடுகிறது.

மற்றொரு காரணமும் தென்னாட்டார் பங்களிப்பை ஊக்கியிருத்தல் வேண்டும். செம்பதிப்பின் மூலபாடம் பெரும்பாலும் வடமேற்கு மரபின், குறிப்பாகக் காஷ்மீரச் சுவடிகளின் சார்பில் அமைந்தது. தென்னாட்டுச் சுவடிகள் அளவால் விரிந்தவை. அவற்றில் மிகுதியாக உள்ள சுலோகங்கள் மூலபாடத்தில் இடம்பெறவில்லை. ஆயினும் அவை எறியப்படவும் இல்லை. சிறியன உடுக்குறியிட்டு அடிக்குறிப்பிலும், நீண்டன பிற்சேர்க்கையிலும் அச்சாயின. வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்னும் பரவலான கதையும் அவ்வாறே பிற்சேர்க்கைக்குச் சென்றது. தன் சுவடியின் பாடம் ஏற்கப்படாவிடினும் நூலின் பக்கத்தில் அது தன் சுவடிக் குறியீட்டுடன் நிற்பதை அளித்தவர் காண முடிந்தது. கருத்து ஏற்கப்படுவதைவிடக் கருத்து பதிவு பெறுவதே பலர்க்கும் போதுமானதாக இருக்கிறது. கூடத்தில் பேசியவரின் கருத்தை ஏற்காமல் இருத்தல் ஒன்று. பேசியதாகவே கொள்ளாமல் இருத்தல் வேறொன்று.

பதிப்பில் இன்னொரு மரபும் குறிப்பிடத்தக்கது. உறுதியற்ற பாடத்தின் கீழே அலைக்கோடு ஒன்று இடப்பட்டது. பதிப்பாசிரியர் தம் ஐயத்தை மறைக்காமல் அச்சிலேயே காட்டினார் என்பது இதன் பொருள். தலைவர் ஐயுற்றதை வெளிப்படக் கூறும் பணியிடத்தில், கீழ்நிலையில் உள்ளவரும் எனக்கு இது தெளிவாகப் படவில்லை என்று எழுதத் துணிவார். சரியானதை மட்டுமே சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி இருக்குமிடத்தில் பலரும் வாய்திறப்பதில்லை. அறிவுப் பகிர்வு என்பதில் அறியாமையைப் பகிர்தலும் அடங்கும். இப்பகுதியே பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

இப்பணியைத் தனிமுயற்சிகளுடன் ஒப்பிடுதல் பயன் தரும். 1906 முதல் 1910 வரை கும்பகோணத்திலிருந்து கிருஷ்ணாசாரியார் முதலியோர் வெளியிட்ட பதிப்பும், 1930களில் சென்னையில் பி. பி. எஸ். சாஸ்திரி வெளியிட்ட தென்னாட்டுப் பாடப் பதிப்பும் விரைவில் கைக்கு வந்தன. படிப்போர்க்கு அவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் ஒரு பாடம் ஏன் கொள்ளப்பட்டது, வேறு பாடம் ஏன் தள்ளப்பட்டது என்பதைப் பின்வருவோர் முழுவதும் மீள ஆராய்வதற்கு வேண்டிய சான்றுகளை அவை புனேப் பதிப்பின் அளவிற்குத் தரவில்லை. விரைவு வேண்டுவோர் தம் அறிவைத் தமக்குள் வைத்து முடிவெடுப்பர். பகிர்வு காலத்தைத் தின்னும். புனே அந்த விலையைக் கொடுத்தது.

கொடுத்த விலைக்குப் பயன் இருந்ததா என்பதற்கு 1943ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டு சனவரி 21ஆம் நாள் சுக்தங்கர் மறைந்தார். ஆதிபருவமும் ஆரணியக பருவமும் மட்டுமே அவர் பதிப்பில் வெளிவந்திருந்தன. ஒருவரின் நினைவிலும் குறிப்பேட்டிலும் தங்கிய பணியாயின் அன்றோடு நின்றிருக்கும். பெல்வல்கரும் அவருக்குப்பின் பரசுராம் லட்சுமண் வைத்தியரும் பொறுப்பேற்றுத் தொடர்ந்தனர். பருவங்களின் பதிப்பாசிரியர்களும் ஓரிடத்தில் இருந்தவர்கள் அல்லர். விராட பருவத்தை இரகுவீரரும், உத்தியோக பருவத்தைச் சுசீல் குமார் தேயும், சபா பருவத்தை அமெரிக்க அறிஞர் பிராங்க்ளின் எட்ஜர்ட்டனும் பதிப்பித்தனர். எட்ஜர்ட்டன் தம் நாட்டிலிருந்தவாறே செயலாற்ற இயன்றது, ஒப்புநோக்கிய பாடங்கள் தாளில் இருந்தமையால்தான்.

சொற்சீட்டுக் களஞ்சியம்

தக்காணக் கல்லூரியின் வரலாறு 1821இல் தொடங்கிய இந்துக் கல்லூரியிலிருந்து எண்ணப்படுகிறது. 1934இல் மூடப்பட்டு, 1939இல் ஆய்வு நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டது. அங்கு மொழியியல் துறைக்கு வந்தவர் சுமித்திர மங்கேஷ் காத்ரே. 1941இல் அவர் இந்திய மூலபாட ஆய்வியலுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். அதற்குப் பண்டார்க்கர் நிறுவனச் சுவடிக் காப்பாளர் பி. கே. கோடே பிற்சேர்க்கை அளித்தார். ஒரு நிறுவனத்தின் பணியறையில் கைப்பழக்கமாக இருந்த அறிவு, ஊரின் மறுபுறத்தில் இருந்த நிறுவனத்தாரால் பாடநூல் வடிவம் பெற்றது என்பது கருதத்தக்கது. 1954-55இல் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் துணையுடன் தக்காணக் கல்லூரியில் தொடங்கிய மொழியியல் பயிற்சிப் பள்ளிகளும் இம்மனப்பான்மையின் தொடர்ச்சியே.

1948இல் காத்ரே தொடங்கிய பேரகராதித் திட்டம் இருக்கு வேதம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலான சுமார் 1,500 நூல்களைத் தழுவியது. வேதம், இலக்கணம், மருத்துவம், கட்டடக்கலை, கணிதம் என அறுபத்திரண்டு அறிவுத்துறைகள் அவற்றில் அடங்கும். ஏறத்தாழ நாற்பது அறிஞர்கள் 1973 வரை உழைத்துச் சொற்சீட்டுகளை ஆக்கினர். அவற்றின் தொகை ஒரு கோடியை நெருங்கும். தலைச்சொல், அதன் இலக்கணக் குறிப்பு, சொல் பயின்ற தொடர், நூலின் இடக்குறிப்பு ஆகியவை ஒவ்வொரு சீட்டிலும் உண்டு. ஏ. எம். காட்டகே பொதுப்பதிப்பாசிரியராக இருக்க, முதல் தொகுதியின் பகுதிகள் 1976 முதல் வெளிவரலாயின.

ஒப்புநோக்குத் தாளினும் சொற்சீட்டின் நிலை கடினமானது. தாளை நிரப்பியவர் சில ஆண்டுகளில் பதிப்பைக் கண்டார். சீட்டை எழுதியவருள் பலர் அச்சொல் அகராதியில் ஏறுவதைக் காணும் வாய்ப்புப் பெறவில்லை. மருத்துவ நூலில் வல்லவர் ஒருவர் ஒரு சொல்லுக்குச் சீட்டு எழுதும்போது, மருத்துவம் அறியாத, இன்னும் பிறவாத ஒரு பதிப்பாசிரியர்க்காக எழுதுகிறார். கைம்மாறு எதிர்பாரா உதவி என இதனைப் புகழ்வது எளிது. உண்மை சற்று வேறு. அங்கே பகிர்தல் என்பது பணிக்கு மேற்பட்ட உதவியாக இல்லை. அதுவே பணியாக இருந்தது. சீட்டு எழுதுவதற்கே ஊதியம். பிற பணியிடங்களில் அறிந்ததை அடுத்தவர்க்குச் சொல்லுதல் சொந்த வேலையின் நேரத்தைக் களவாடும் செயலாகக் கருதப்படுகிறது. பின்னர், ஏன் எவரும் சொல்வதில்லை என்று வியக்கின்றனர்.

ஊதியம் மட்டும் போதும் எனவும் கொள்ளுதல் ஆகாது. ஆங்கிலப் பேரகராதிக்குச் சீட்டு எழுதியோருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஆனால் அங்கே வேறோர் இடர் நேர்ந்தது. 1879இல் ஜேம்ஸ் மர்ரே பதிப்பாசிரியரானபோது, முன்னைய துணைப் பதிப்பாசிரியர் பலர் வீடுகளில் சீட்டுகள் சிதறிக் கிடந்தன. ஓர் எழுத்துக்குரிய சீட்டுகள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரிலும், வேறு சில அயர்லாந்தின் குதிரைக் கொட்டிலிலும் கண்டெடுக்கப்பட்டன. கொடுக்கும் மனம் குறைவின்றி இருந்தும் சேர்ந்திருக்கும் இடம் இன்மையால் அறிவு அழியத் தொடங்கியது. மர்ரே தோட்டத்தில் தகரக் கொட்டகை கட்டி அறைகள் வகுத்ததும், புனேயில் சீட்டுகளுக்கென இரும்புப் பெட்டிகளுடன் தனிக்கூடம் அமைந்ததும் ஒரே தேவையின் விளைவுகள்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் வரலாறும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1913இல் சாண்ட்லர் பொறுப்பில் தொடங்கிய பணி பல கைகள் மாறி, 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளையிடம் வந்து, 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவெய்தியது. அமெரிக்க மறைப்பணியாளரும், மரபுவழிப் புலவராகிய மு. இராகவையங்காரும், சட்டம் பயின்ற வையாபுரிப் பிள்ளையும் வெவ்வேறு கல்வி நெறிகளைச் சார்ந்தவர்கள். ஆசிரியர்கள் மாறியும் பணி தொடர்ந்தது என்றால், திரட்டிய அறிவு ஆசிரியரின் உடைமையாக அன்றி அலுவலகத்தின் உடைமையாக இருந்தமையே காரணம்.

சீட்டில் அடங்காதது

சொற்சீட்டு முறைக்கும் எல்லை உண்டு. மேற்கோளைச் சீட்டில் எழுதலாம். அம்மேற்கோளில் சொல் இப்பொருளில்தான் வந்தது என்று துணியும் திறனை எழுத முடியாது. ஒரே சொல்லின் நூற்றுக்கணக்கான சீட்டுகளை மேசையில் பரப்பி, கால அடைவில் நிரல்படுத்தி, பொருள் எங்கே கிளைக்கிறது என்று காண்பது பல்லாண்டுப் பழக்கத்தால் வருவது. அத்திறன் மூத்தவரின் அருகில் அமர்ந்தே கற்கப்படுகிறது. சீட்டு எழுதும் பணி 1973இல் முடிந்தது. எழுதியவர் உடனிருக்கும்வரை சீட்டில் தெளிவற்றதை அவரிடமே கேட்கலாம். அதன்பின் சீட்டு மட்டுமே பேசும். இந்த இழப்பைத் தடுக்க வல்லது தொகுப்பறையில் மூத்தோரும் இளையோரும் ஒரே கட்டுரையில் கைவைக்கும் ஏற்பாடு ஒன்றே.

பெயர் பற்றிய சிக்கலும் எஞ்சுகிறது. நூலின் முகப்பில் நிற்பது பதிப்பாசிரியர் பெயர். தாள் நிரப்பியோரும் சீட்டு எழுதியோரும் முன்னுரையின் நன்றியுரையோடு நின்றுவிடுகின்றனர். அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்குநர்கள் 1990களில் தம் பட்டறிவுக் குறிப்புகளைப் பொதுத் தொகுப்பில் சேர்த்தபோது, அவர்களை ஊக்கியது பணம் அன்று. குறிப்பின் மேல் எழுதியவர் பெயர் இருந்ததும், அதனைச் சக பணியாளரே ஆய்ந்து ஏற்றதுமே. சுவடிக்குக் குறியீடு தந்த புனே முறை, சுவடியைப் படித்தவர்க்கும் அத்தகைய குறியீடு ஒன்றைப் பக்கத்தில் தந்திருக்கலாம். அரிய எழுத்துகளைப் படித்த அக்கண்களின் உரிமையாளர் யார் என்பதை இன்றைய மாணவர் பெரும்பாலும் அறிவதில்லை.

சொற்சீட்டுகள் இக்காலத்தில் கணினிக்கு மாற்றப்பட்டு, அகராதிக்கெனத் தனி மென்பொருளும் எழுத்துருவும் உருவாக்கப்பட்டுள்ளன. 2020களின் தொடக்கம்வரை முப்பத்தைந்து தொகுதிகள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில், வெளிவந்தன. அவை அனைத்தும் அகரத்தில் தொடங்கும் சொற்களுக்கே உரியவை. ககரம் முதல் ஹகரம் வரையுள்ள சீட்டுகள், எழுதியோரின் கையெழுத்துடன், புனேயில் தத்தம் பெட்டிகளில் தம் முறைக்காக உள்ளன.